மலையில மாட்டிக்கிட்டவனைத் திட்டலாமா?

போன வாரம் சித்தப்பா வீட்டு விசேஷம். சாப்பிட்டு முடிச்சு வெத்தலை போடற நேரத்துல டிவில ஒரு செய்தி. ஏதோ ஒரு மலை, ஏதோ ஒரு பையன், வழி தவறி ராத்திரி பூரா காட்டுல இருந்தவனைக் கூட்டிட்டு வர்றாங்க. சித்தப்பா உடனே, "கீழ கொண்டு வந்ததும் ரெண்டு அறை விடணும்டா இவனுங்களை"ன்னார். கூடத்துல இருந்த பதினைஞ்சு பேரும் தலையாட்டினாங்க. நானும்தான். தலையாட்டிட்டு அப்புறம் ராத்திரி தூக்கம் வரலை. காரணம் கீழே சொல்றேன்.

முதல்ல மலம்புழா கதை. நம்ம கோயமுத்தூர் பக்கத்து பாலக்காடுதான், நிறைய பேருக்கு ஞாபகம் இருக்கும். 2022 பிப்ரவரி 7ஆம் தேதி 23 வயசுப் பையன் ஒருத்தன் கூட்டாளிங்களோட குரும்பாச்சி மலை ஏறப் போனான். கூட வந்தவங்க பாதியில திரும்பிட்டாங்க. இவன் மட்டும் மேல போய், சறுக்கி விழுந்து, செங்குத்துப் பாறையில ஒரு ஆள் உட்காருற அளவு இடுக்குல போய் சிக்கிக்கிட்டான். கால்ல அடி. கையில சோறு தண்ணி எதுவும் கிடையாது. போன்ல சார்ஜ் இருந்த வரைக்கும் தகவல் சொன்னான், படம் அனுப்பினான். மறுநாள் கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர் வந்து பார்த்துட்டு, கிட்ட போக முடியாம திரும்பிடுச்சு. கடைசியில வெலிங்டன்ல இருந்தும் பெங்களூர்ல இருந்தும் ராணுவ ஆளுங்க வந்து, மலை உச்சியில இருந்து கயிறு கட்டி இறங்கி, 9ஆம் தேதி காலையில அவனை இழுத்து மேல ஏத்தினாங்க. 40 மணி நேரத்துக்கும் மேல அந்தப் பொந்துக்குள்ள உட்கார்ந்திருந்தான். மேல வந்ததும் ராணுவ வீரருக்கு முத்தம் கொடுத்தான், ஞாபகம் இருக்கா?

அன்னிக்கு கேரளா முழுக்க கொண்டாட்டம். வனத்துறை கேஸ் போடப் போகுதுன்னதும் அமைச்சரே அதெல்லாம் வேண்டாம்னுட்டார். ஒரு வாரம் கூட ஆகலை. 13ஆம் தேதி ராத்திரி அதே மலை மேல இன்னொரு ஆள் வெளிச்சம் தெரியற மாதிரி நின்னான். அவனையும் வனத்துறை கூட்டிட்டு வந்தது. அவ்வளவுதான், ஊர் பூரா தலைகீழா மாறிடுச்சு. "அன்னிக்கே உள்ள தள்ளியிருக்கணும், 75 லட்சம் தண்டம்"னு ஒரே கூச்சல். முதல் பையன் மேலயும் கேஸ் ஆச்சு. அவன் செஞ்சது என்னவோ அதேதான். திங்கட்கிழமை ஒருமாதிரி, அடுத்த திங்கட்கிழமை வேற மாதிரி தெரிஞ்சது நமக்குத்தான்.

அனுமதி இல்லாத காட்டுக்குள்ள போனா அபராதம் போடட்டும், நான் வேண்டாங்கலை. காட்டு யானை, கரடி, காட்டுத் தீ எல்லாம் இருக்கற இடத்துக்கு விதின்னு ஒண்ணு வேணும். ஆனா அத்துமீறினதுக்கு அபராதம் வேற, காப்பாத்தினதுக்கு பில் வேற. இந்த ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறோம்.

அமெரிக்காவுல நியூ ஹாம்ப்ஷயர்னு ஒரு மாநிலம். அங்க அஜாக்கிரதையா மலைக்குப் போய் மாட்டிக்கிட்டா மீட்ட செலவை உங்ககிட்டயே கேட்க சட்டம் இருக்கு. 2009ல வாஷிங்டன் மலையில 17 வயசுப் பையன் மூணு ராத்திரி பனியில தாக்குப் பிடிச்சு பொழைச்சு வந்தான். சாரணர் பயிற்சி எடுத்த பையன்தான். வந்த கையோட 25,000 டாலருக்கு மேல பில். அப்புறம் வருஷத்துக்கு 25 டாலர் கட்டி ஒரு அட்டை வாங்கிக்கிட்டா அஜாக்கிரதைக்கு பில் வராதுன்னு ஒரு ஏற்பாடும் கொண்டு வந்தாங்க. இதை முதல்ல படிச்சப்ப, அட நல்ல யோசனையா இருக்கே, சித்தப்பாவுக்குச் சொல்லணும்னு நினைச்சேன்.

ஆனா அமெரிக்காவுல மலை மீட்புக்குப் போறவங்களோட சங்கமே இப்படிக் காசு கேட்கறது வேண்டாம்ங்குது. இங்கிலாந்துல மீட்புக்குப் போறவங்க எல்லாம் தன்னார்வலர்கள். ராத்திரி ரெண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் தூக்கத்துல எழுந்து போறாங்க, பைசா வாங்கறதில்லை, வாங்கவும் கூடாதுங்கறாங்க. இவங்க சொல்ற காரணம் ரொம்ப எளிசானது. காசு கேட்பாங்கன்னு தெரிஞ்சா ஆளுங்க கூப்பிடத் தயங்குவாங்க. சாயங்காலம் நாலு மணிக்குக் கூப்பிட்டிருந்தா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்திருக்கலாம். ராத்திரி பதினொண்ணுக்குக் கூப்பிட்டா ஸ்ட்ரெச்சர் தூக்கணும். போறவங்களுக்கும் இருட்டுல அது ஆபத்து.

இது சரியா தப்பான்னு யோசிக்க எனக்கு இங்கிலாந்து எல்லாம் தேவையில்லை. பார்வதமலை போதும்.

2007. நாங்க நாலு பேர். கடலாடி வழியா ஏறி, கடப்பாறைப் படியெல்லாம் தாண்டி, மேல சாமி பார்த்துட்டு, காத்து நல்லா இருக்குன்னு கதை பேசி உட்கார்ந்துட்டோம். இறங்க ஆரம்பிச்சப்பவே மணி அஞ்சரை. நாலு பேருக்கும் சேர்த்து ஒரு லிட்டர் பாட்டில் ஒண்ணு, அதுவும் காலி. வெளிச்சத்துக்கு நோக்கியா 1100ல இருக்கற டார்ச். செருப்பு மட்டும் ஆளுக்கு ஒரு ஜோடி இருந்தது, ஹி ஹி.

பாதியில வழி தவறிடுச்சு. ஒருத்தனுக்குக் கால் பிசகி நடக்க முடியலை. போன்ல ஒரு கோடு சிக்னல் இருந்தது. கூட வந்தவனோட தாய்மாமா போளூர்ல இருந்தார். ஒரு போன் போட்டா நாலு ஆளைக் கூட்டிட்டு வந்திருப்பார். போடலை. "மாமா வெச்சு வாங்குவார்டா, ஊர் பூரா சொல்லி மானத்தை வாங்கிடுவார்"னான். நாங்களும் சரின்னோம். ரெண்டரை மணி நேரம் முள்ளுக்குள்ள சுத்தினோம். பாறைன்னு நினைச்சு நான் கால் வெச்ச இடம் பள்ளம். பின்னாடி வந்தவன் சட்டையைப் பிடிச்சு இழுக்கலைன்னா இந்தப் பதிவை வேற யாராவதுதான் எழுதணும்.

யோசிச்சுப் பாருங்க மக்கா. நாலு பேரும் படிச்சவனுங்க. பயந்தது பள்ளத்துக்கு இல்லை, மாமா வாய்க்கு. சித்தப்பா வீட்டுக் கூடத்துல நான் தலையாட்டினேனே, அதே வாய்தான்.

இன்னொரு கூத்தும் இருக்கு. வெள்ளியங்கிரி. பிப்ரவரி வந்தா மே வரைக்கும் கூட்டம் கூட்டமா ஏழு மலை ஏறறாங்க. இருதயக் கோளாறு, மூச்சுத் திணறல் இருக்கறவங்க வராதீங்கன்னு வனத்துறை தலைபாடா அடிச்சுக்குது. கேட்காம போய் வருஷா வருஷம் சில பேர் இறந்தும் போறாங்க, டோலி கட்டித் தூக்கிட்டு வர்றாங்க. அவங்களை யாராவது "திமிரு"ன்னு திட்டிக் கேட்டிருக்கீங்களா? "கொடுத்து வெச்ச சாவு"ம்பாங்க. திட்ட வேண்டாம், அது சரிதான். ஆனா 2018 மார்ச்ல குரங்கணி தீயில 23 உயிர் போனப்ப, உடம்பு ஊருக்கு வந்து சேரும் முன்னாடியே "பொம்பளைப் புள்ளைங்களுக்குக் காட்டுல என்ன வேலை"ன்னு கேட்டாங்களே, நம்ம ஆளுங்கதான் கேட்டாங்க. சாமிக்குப் போனா பக்தி, சும்மா போனா கொழுப்பு. ரெண்டு பேர் கையிலயும் இருந்தது அதே காலி பாட்டில்தான்.

அன்னிக்கு அந்தத் தீயில முதல்ல மேல ஓடினது பக்கத்து ஊர்க்காரங்களும் எஸ்டேட் ஆளுங்களும். போர்வையில வெச்சுத் தூக்கிட்டு வந்தாங்க.

பார்வதமலையில எங்களைக் கண்டுபிடிச்சது ஆடு மேய்க்கற ஒரு பெரியவர். மலையில குட்டியா ஒரு வெளிச்சம் இங்கயும் அங்கயும் அலையறதைக் கீழ இருந்து பார்த்துட்டு, பேட்டரி லைட்டை எடுத்துக்கிட்டு தனியா ஏறி வந்திருக்கார். கிட்ட வந்ததும் முதல்ல கேட்டது, "எத்தினி பேருப்பா? எல்லாரும் இருக்கீங்களா?" ரெண்டாவது, "தண்ணி குடிக்கிறீங்களா?" அவ்வளவுதான். கால் பிசகினவனைத் தோள்ல சாய்ச்சுக்கிட்டு கீழ வரைக்கும் வந்தார். நாங்க கொடுத்த நூறு ரூபாயை வாங்கலை. "ஐயா, ரொம்ப நன்றிங்க"ன்னா, "போய் மொதல்ல வூட்டுக்குப் போன் போடுங்கப்பா, தேடுவாங்க"ன்னார்.

டிஸ்கி: அம்மாவுக்கு இன்னி வரைக்கும் அன்னிக்கு பஸ் பிரேக்டவுன் ஆனதாத்தான் தெரியும். யாரும் போட்டுக் கொடுத்துடாதீங்க.