டோர்னியர் கொடுத்தீங்க, சரி. எங்க ஆளுங்க உயிருக்கு என்ன எழுதி வாங்குனீங்க?



கனகசெட்டிக்குளம் கடற்கரையில ஒரு பெரியவர் வலை பிரிச்சிட்டு இருந்தார். கரையை ஒட்டி ரெட்டை இன்ஜின் விமானம் ஒண்ணு தாழப் பறந்து போச்சு. நிமிர்ந்து பார்த்துட்டு என்கிட்ட கேட்டார்: "தம்பி, நீ இன்ஜினியருக்குப் படிச்சவன்தானே. இது நம்மளுதா, இலங்கைக்காரங்களுதா?"

நம்மளுதுதான் ஐயா, கோஸ்ட் கார்டு டோர்னியர்னு சொன்னேன்.

"அவங்ககிட்டயும் இதே இருக்குதாமே?"

இருக்கு. நாமதான் கொடுத்தோம்.

அதுக்கு மேல அவர் எதுவும் கேக்கல. வலைக்குக் குனிஞ்சிட்டார். அவர் கேக்காம விட்டதை இந்தப் பதிவுல நான் கேக்குறேன்.

முதல்ல விவரம். டோர்னியர் 228 ஒரு சின்ன விமானம். பயணிகள் விமானமா ஓட்டினா 19 பேர் உட்காரலாம். ஜெர்மனி உரிமத்துல கான்பூர் எச்.ஏ.எல். தொழிற்சாலையில தயாராகுது. வயித்துப் பகுதியில ரேடார் மாட்டினா கடல்ல போற படகுகளை மேல இருந்தே கண்டுபிடிக்கும். எல்லை ரோந்துக்கு இதைவிடச் சிக்கனமான வண்டி நம்மகிட்ட இல்ல. வாங்குறதுல எனக்குத் தகராறே இல்ல. 2023 மார்ச்சில் விமானப்படைக்கு 6 டோர்னியர், ரூ.667 கோடி. 2024 மார்ச்சில் கடற்படையின் 25 டோர்னியர்களைப் புதுப்பிக்க ரூ.2,890 கோடி. வாங்குங்க, புதுப்பியுங்க.

அதுல பறக்குற வீரர்கள் மேலயும் ஒரு துளி கோபம் கிடையாது. 2015 ஜூன் 8-ஆம் தேதி ராத்திரி, சென்னையில இருந்து ரோந்துக்குக் கிளம்பின கோஸ்ட் கார்டு டோர்னியர் ஒண்ணு நம்ம பக்கத்துக் கடல்லதான் விழுந்துச்சு. மூணு பேர். நீர்மூழ்கிக் கப்பலெல்லாம் தேடி, ஒரு மாசத்துக்கு மேல ஆகித்தான் கடலூருக்கு அப்பால கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் ஆழத்துல சிதறல்களை எடுத்தாங்க. கடலோரத்துல வாழுற நமக்கு அந்த வலி தெரியும்.

கேள்வி அவங்ககிட்ட இல்ல. டெல்லியில உட்கார்ந்து கையெழுத்துப் போடுறவங்ககிட்ட.

2022 ஆகஸ்ட் 15. நாம சுதந்திர தினம் கொண்டாடின அன்னைக்கு, கொழும்புக்குப் பக்கத்துல கட்டுநாயக்க விமானதளத்துல, நம்ம கடற்படையின் டோர்னியரை இலங்கைக்கு ஒப்படைச்சாங்க. அதிபர் ரணில் விக்கிரமசிங்க மேடையில. நம்ம கடற்படைத் துணைத் தளபதியும் அங்கேதான். இலங்கைக் குழுவுக்குப் பயிற்சி கொடுத்ததும் இந்தியாதான். 2023 ஆகஸ்ட்ல அந்த விமானம் பராமரிப்புக்குத் திரும்பி வந்தப்ப, பதிலுக்கு இன்னொரு டோர்னியரும் அனுப்பினோம். கடல் கண்காணிப்பு, மீட்பு, கடத்தல் தடுப்புக்குன்னு சொன்னாங்க.

"கொடுக்கலைன்னா சீனா உள்ள வந்துடும்"னு உடனே ஒரு கூட்டம் கமெண்ட்ல வரும். வாங்க, தேதியைப் பாருங்க. நாம விமானம் கொடுத்தது ஆகஸ்ட் 15. மறுநாள் ஆகஸ்ட் 16 காலையில சீனாவின் யுவான் வாங் 5 அம்பாந்தோட்டைத் துறைமுகத்துல வந்து நின்னுச்சு. (ஆகஸ்ட் 16 நம்ம புதுச்சேரிக்கு என்ன நாள்னு தெரியும்ல? 1962-ல் பிரெஞ்சுக்காரங்க கையிலிருந்து சட்டப்படி இந்தியாவோட சேர்ந்த நாள்!) வராதேன்னு டெல்லி சொல்லிப் பார்த்தது. கப்பல் வந்துச்சு, ஒரு வாரம் நின்னுச்சு, போச்சு. சீனாவைத் தடுக்கன்னு கொடுத்தது ஒரே ஒரு கப்பலைக்கூடத் தடுக்கல.

சரி, நம்ம மீனவனுக்காவது அந்த நட்பு உதவுச்சா?

2024-ல மட்டும் 500-க்கும் மேற்பட்ட இந்திய மீனவர்களை இலங்கை கடற்படை பிடிச்சது. 2025 ஜனவரி 28 அதிகாலை, நெடுந்தீவுப் பக்கம், 13 பேர் இருந்த காரைக்கால் படகு மேல துப்பாக்கிச் சூடு. ரெண்டு பேருக்குப் பலத்த காயம், யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. மூணு பேருக்கு லேசான காயம். தவறுதலா வெடிச்சதுன்னு இலங்கை கடற்படை சொன்னது. இலங்கைத் தூதரைக் கூப்பிட்டு டெல்லி கண்டனம் சொன்னது. அதோட ஃபைல் மூடியாச்சு.

காரைக்கால் யாரு? நம்ம யூனியன் பிரதேசம். நம்ம ரேஷன் கார்டு, நம்ம வாக்காளர் பட்டியல்.

டோர்னியர்தான் அந்தப் படகைக் காட்டிக்கொடுத்ததுன்னு நான் சொல்லல. ஆதாரம் இல்லாம பேசுற பழக்கம் நமக்கு வேணாம். எல்லை தாண்டுற விசைப்படகுகளோட இழுவை மடியால வடக்கு இலங்கை மீனவர்கள் பாதிக்கப்படுறாங்கங்குறதையும் மறைக்கல. அவங்களும் தமிழர்கள்தான், அவங்க வயிறும் வயிறுதான். அதைப் பேசித் தீர்க்கணும். ஆனா கடல் கண்காணிப்புன்னு சொல்லி ரேடார் விமானம் கொடுக்கும்போது, "எங்க மீனவன் மேல சுடக்கூடாது"ன்னு ஒரு வரி எழுதி வாங்குறதுல என்ன கஷ்டம்? அப்படி ஒரு வரி இருந்தா நாடாளுமன்றத்துல வைச்சுக் காட்டுங்க. இல்லைன்னா இப்பவாவது சேருங்க.

இதுக்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் வேணாம். நான் மெக்கானிக்கல் படிச்சவன், ரேடார் நிபுணன் இல்ல. எனக்கே புரியுது. எல்லைக்கோட்டுப் பக்கம் நம்ம படகு தெரிஞ்சா, மேல இருக்குற விமானம் வி.எச்.எஃப். சேனல் 16-ல எச்சரிக்கட்டும். அதே நேரம் சென்னை கோஸ்ட் கார்டுக்கும் தகவல் போகட்டும். படகு திரும்பிடும். துப்பாக்கியும் வேணாம், சிறையும் வேணாம்.

இன்னொரு கணக்கு. எல்லையை நெருங்கினா எச்சரிக்கிற, ஆபத்துல செய்தி அனுப்புற இஸ்ரோ தொழில்நுட்ப டிரான்ஸ்பாண்டரை 1 லட்சம் படகுகளுக்கு இலவசமா பொருத்துற திட்டத்தை 2024 ஆகஸ்ட்ல பிரதமரே தொடங்கி வைச்சார். மொத்தச் செலவு ரூ.364 கோடி. ஆறு டோர்னியர் விலையில ஏறக்குறைய பாதி! விமானம் வாங்குற வேகம் இதுல இருக்கணும். உங்க ஊர் படகுல அந்தப் பெட்டி இருக்கா, வேலை செய்யுதா? கமெண்ட்ல ஊர் பெயரோட போடுங்க. கனகசெட்டிக்குளத்துல இருந்து காரைக்கால் வரைக்கும் பட்டியல் எடுக்குறோம்.

2017-ல ஒக்கி புயலுக்கு அப்புறம் குமரி மீனவக் குடும்பங்கள் குழித்துறை ரயில் நிலையத்துல தண்டவாளத்துல உட்கார்ந்தாங்களே, என்ன கேட்டாங்க? ஆழ்கடல் வரைக்கும் போய்த் தேடுங்கன்னு கேட்டாங்க. மீனவனுக்கு டோர்னியர் தேவைப்படுற நேரம் அது.

புதுச்சேரிக்கு மக்களவையில ஒரு இடம், மாநிலங்களவையில ஒரு இடம். இருக்குறதே ரெண்டு குரல். அந்த ரெண்டு பேரும் இந்த ஒப்பந்தத்தைப் பத்திக் கேக்கணும். கேக்குற வரைக்கும் இந்தப் பதிவை அவங்க பக்கத்துல டேக் பண்ணிக்கிட்டே இருங்க.

#டோர்னியர்_நிபந்தனையை_வெளியிடு
#காரைக்கால்_மீனவர்