சிவப்பு விளக்கும் சிவப்புத் திரையும்

முப்பத்தெட்டு ஆண்டுகள் ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சிவப்பு விளக்கைப் பற்றி இனி யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்புக்கு நான் கொடுத்த விலை 4,999 ரூபாய்.

பழைய கைகாட்டி மரத்தை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அதை இழுக்கும் கம்பி அறுந்துபோனால் கை தானாகவே படுக்கை நிலைக்கு, அதாவது ‘நில்’ என்ற நிலைக்கு வந்துவிடும். அப்படித்தான் அதைச் செய்து வைத்திருக்கிறார்கள். விளக்கு சிக்னல் அணைந்து கிடந்தால், டிரைவர் அதைச் சிவப்பாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. அபாயம் என்றால் நில், நின்று விசாரி. எந்தச் சிவப்பு விளக்கும் ‘சீக்கிரம் ஓடு’ என்று சொன்னதாக என் சர்வீஸில் கண்டதில்லை. என் வீட்டுக் கம்ப்யூட்டரில் வந்த சிவப்பு, ‘உடனே, இன்றே’ என்றது. அந்த ஒரு சொல்லிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

நடந்தது இதுதான். போன வருஷம் நாக்பூர் வெயிலுக்குப் பயந்து வீட்டில் அடைந்துகிடந்த ஒரு மே மாதப் பிற்பகலில், பழைய படப் பாட்டு ஒன்றைத் தேடி ஏதோ ஒரு வலைப்பக்கத்துக்குள் போனேன். ‘நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க அலவ் என்பதை அழுத்தவும்’ என்று வந்தது. ரோபோ இல்லையே, அழுத்தினேன். மறுநாளிலிருந்து திரையின் வலது கீழ்மூலையில் சின்னச் சின்னப் பெட்டிகள் வர ஆரம்பித்தன. பெயர்பெற்ற ஓர் ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் முத்திரையுடன், ‘உங்கள் சந்தா இன்று முடிகிறது, 5 வைரஸ்கள் உள்ளன’ என்ற செய்தி. ஒன்றைத் தொட்டேன். திரை முழுக்கச் சிவப்பு. கோப்புகளின் பெயர்கள் கடகடவென்று ஓட, ஸ்கேன் நடந்தது. முடிவில் ஒரு ‘கிளீனர்’ வாங்கச் சொன்னது. கிரெடிட் கார்டு எண்ணை நானே கொடுத்தேன், ஓ.டி.பி.யையும் நானே அடித்தேன். இரண்டு மாதம் கழித்து அந்தக் கிளீனரே 347 கோளாறுகள் என்று சொல்லி இன்னும் பணம் கேட்டது. மனைவியிடம் சொல்லவில்லை.

தீபாவளிக்கு பெங்களூரிலிருந்து வந்த என் மகள்தான் கண்டுபிடித்தாள். அவள் கேட்டது ஒரே கேள்வி. “அப்பா, ஸ்கேன் பண்ணும்போது டி டிரைவ்ல வைரஸ்னு காட்டிச்சுன்னு சொல்றீங்களே, உங்க கம்ப்யூட்டர்ல டி டிரைவே கிடையாதே?” இல்லைதான். நான் பார்த்தது ஸ்கேனே அல்ல, ஸ்கேன் நடப்பதுபோல் ஓட்டிய ஒரு படம். ஒரு வலைப்பக்கம் நம் கம்ப்யூட்டருக்குள் தானாகப் புகுந்து வைரஸ் தேட முடியாது என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

இது என்னைப் போன்ற கிழவர்களை மட்டும் பிடிக்கும் வலை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் வணிக ஆணையமான எஃப்.டி.சி., வின்ஃபிக்ஸர், எக்ஸ்பி ஆன்டிவைரஸ் போன்ற பெயர்களில் போலிச் சரக்கை விற்ற கூட்டத்தின் மீது 2008-ல் வழக்குப் போட்டது. ஏமாந்தவர்கள் பத்து லட்சத்துக்கும் மேல். 2012-ல் அதில் ஒருவருக்கு எதிராக மட்டும் 16 கோடி டாலருக்கு மேல் தீர்ப்பாயிற்று. அங்கே கடை கடையாகக் கிளை வைத்திருக்கும் ஆஃபீஸ் டிப்போ நிறுவனம் 2019-ல் இரண்டரைக் கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. கடைக்கு வந்தவரிடம் முதலில் நாலு கேள்வி கேட்பார்களாம்: கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறதா, அடிக்கடி நின்றுவிடுகிறதா என்று இந்த மாதிரி. ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் போதும், ‘வைரஸ் அறிகுறி’ என்று முடிவு வந்துவிடும். அதற்குப் பிறகு ஓடிய ஸ்கேனுக்கும் முடிவுக்கும் சம்பந்தமே இல்லை என்பதுதான் ஆணையத்தின் குற்றச்சாட்டு. நம் நாட்டிலும் இந்தத் தொழில் செழிப்பாகவே நடக்கிறது. 2023 அக்டோபரில் சி.பி.ஐ. ‘ஆபரேஷன் சக்ரா-2’ என்ற பெயரில் 76 இடங்களில் சோதனை போட்டது. மைக்ரோசாஃப்ட், அமேஸான் நிறுவனங்களின் பெயரைச் சொல்லி வெளிநாட்டாரை ஏமாற்றிய கால் சென்டர்களும் அதில் அடக்கம்.

உண்மையான கம்பெனிகள் மீதும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. சந்தா முடிய ஒரு மாதம் இருக்கும்போதே சிவப்பில் எழுதிப் பயமுறுத்துகிறார்கள். நிஜமும் போலியும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தால் பாமரன் எப்படிப் பிரித்துப் பார்ப்பான்?

இனி, அகற்றும் வழி. நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

சைரன் ஒலியோடு சிவப்புத் திரை வந்தால் அதிலுள்ள எந்தப் பொத்தானையும், மூடுவதற்கான பெருக்கல் குறியைக்கூடத் தொட வேண்டாம். அதுவும் படமாக இருக்கலாம். எஸ்கேப் விசையைச் சிறிது நேரம் அழுத்திப் பிடியுங்கள். போகவில்லையென்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் குரோமையோ எட்ஜையோ தேர்ந்தெடுத்து எண்ட் டாஸ்க் கொடுங்கள். மறுபடி திறக்கும்போது, பழைய பக்கங்களை ‘ரீஸ்டோர்’ செய்யவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதில் தொலைபேசி எண் இருந்தால் அது போலி என்று சத்தியம் செய்யலாம். மைக்ரோசாஃப்டின் எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் இருப்பதே இல்லை.

மூலையில் வரும் பெட்டிகளுக்கு வைத்தியம் வேறு. அவை வைரஸே அல்ல, நாம் ‘அலவ்’ கொடுத்ததன் பலன். குரோமில் செட்டிங்ஸ், பிரைவஸி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போனால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். அறியாத பெயரையெல்லாம் நீக்கிவிடலாம். என்னுடையதில் பதினொன்று இருந்தன!

என்னைப் போல் கிளீனரை நிறுவியே விட்டவர்கள், விண்டோஸ் செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய், தேதிவாரியாக வரிசைப்படுத்தி, அந்த நாளில் வந்ததை அன்இன்ஸ்டால் செய்ய வேண்டும். பிரவுசரின் எக்ஸ்டென்ஷன் பட்டியலையும் பார்த்துவிடுங்கள். போக மறுத்தால், ஷிஃப்ட் விசையைப் பிடித்துக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்து ஸேஃப் மோடுக்குள் போய் நீக்க வேண்டும். இதற்கு விவரம் தெரிந்த பிள்ளை ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது. பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, டிஃபெண்டர் அணைக்கப்படாமல் இருக்கிறதா என்று பார்த்து, ஃபுல் ஸ்கேனும், அதன் பின் ஆஃப்லைன் ஸ்கேனும் ஓட்டுங்கள். பின்னது கால் மணி நேரம்தான். டிஃபெண்டர் விண்டோஸோடு சும்மா வருவது. சாதாரண வீட்டு உபயோகத்துக்கு அது போதும் என்பது என் கருத்து. வேறு வேண்டுவோர் வாங்கலாம், ஆனால் பயமுறுத்தும் பெட்டி வழியாக வாங்காமல், நாமாகத் தேடிப் போய் வாங்க வேண்டும்.

இதெல்லாம் கம்ப்யூட்டருக்கான வைத்தியம். நான் எழுத உட்கார்ந்தது வேறொன்றுக்காக.

என் பழைய சகாவின் மனைவி எங்கள் குடியிருப்பில் தனியாக இருக்கிறார். நான் அண்ணி என்று அழைப்பேன். பெயர் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு எழுத அனுமதி கொடுத்தார். அவர் திரையில் வந்த எண்ணுக்கு போன் செய்துவிட்டார். பேசியவன் மரியாதையாக, ஹிந்தியில், ‘மாதாஜி’ என்று பேசி, எங்கிருந்தோ அவர் கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருளை நிறுவ வைத்தான். அன்று மாலை கணக்கிலிருந்து ஒரு தொகை போயிற்று. மறுநாள் இன்னொன்று. நாலாம் நாள்தான் என்னிடம் வந்தார். “ஏன் அண்ணி உடனே சொல்லவில்லை?” என்றேன். “பையனுக்குத் தெரிஞ்சா திட்டுவான் தம்பி. கம்ப்யூட்டரையே பிடுங்கிட்டுப் போயிடுவான். அப்புறம் பேரனை எப்படிப் பார்ப்பேன்?”

முதல் தொகை ஏமாற்றுக்காரன் எடுத்தது. இரண்டாவது தொகை, என்னைக் கேட்டால், திட்டுக்குப் பயந்து போனது. ரிசர்வ் வங்கி 2017-ல் வெளியிட்ட விதிப்படி, வாடிக்கையாளர் தானே ரகசிய எண்ணைக் கொடுத்து ஏமாந்திருந்தாலும்கூட, வங்கிக்குத் தெரிவித்த நேரத்துக்குப் பிறகு ஏற்படும் நஷ்டம் வங்கியுடையது. அன்றே ஒரு போன் செய்திருந்தால் இரண்டாவது தொகை தப்பியிருக்கும். இப்படி நடந்தால் முதலில் இணையத்தைத் துண்டித்துவிட்டு, வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் சொல்ல வேண்டும். பிறகு அந்த மென்பொருளை நீக்கி, வேறு கருவியிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்ற வேண்டும்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பும் பெற்றோர் நம்மில் உண்டு. ஆகவே அவர்களுக்கே சொல்கிறேன். நாங்கள் ஆங்கிலத்தில் அச்சடித்து வந்த காகிதத்துக்குக் கட்டுப்பட்டே சர்வீஸை முடித்தவர்கள். முத்திரையும் எச்சரிக்கையும் ஒன்றாக வந்தால் கை தானாகப் போகும். ‘இதுகூடத் தெரியாதா’ என்று நீங்கள் ஒருமுறை சொன்னால், அடுத்த முறை உங்களிடம் சொல்ல மாட்டோம். வயதானவர்களுக்குக் கம்ப்யூட்டர் எதற்கு என்பாரும் உண்டு. பேரனைப் பார்க்க அண்ணிக்கு வேறென்ன வழி? என் மகள் என்னைத் திட்டவில்லை. டி டிரைவைப் பற்றிக் கேட்டுவிட்டுச் சிரித்தாள், நானும் சிரித்தேன். மனைவியிடம் அன்றிரவே சொல்லிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை, அது தனிக்கதை.

செயலாளரிடம் பேசியிருக்கிறேன். மாதத்தின் இரண்டாம் ஞாயிறு காலை 10 மணிக்குச் சங்க நூலக அறையில் நானும், கம்ப்யூட்டர் படித்த நம் உறுப்பினர் வீட்டுப் பையன் ஒருவனும் உட்கார்ந்திருப்போம். லேப்டாப்பைக் கொண்டுவரலாம். என்ன செய்தீர்கள் என்று யாரும் கேட்க மாட்டோம். சார்ஜரை மட்டும் மறக்க வேண்டாம், அங்கே இருப்பது ஒன்றுதான், அதுவும் என்னுடையது.