தொட்டியில் வளருமோ கடலாமை?

கொஸ்கொடைக் கடலாமைப் பொரிப்பகங்களில், சீமெந்துத் தொட்டிகளில் நீந்தும் குஞ்சுகளைக் கண்டு வியப்போர் பலர். நாம் வியக்கவில்லை. ஏறத்தாழ 50 நாள் மணற்சூட்டில் இருந்து வெளிவரும் குஞ்சு, தன் முதல் வேகத்தை ஆழ்கடல் சேர்வதற்கே செலவிடவேண்டும். உல்லாசப் பயணியின் கட்டணத்திற்காக அதனை அடைத்துவைப்பது பாதுகாப்பாகுமா? நாற்றைப் பிடுங்கி வரம்பிலே வைத்து வேடிக்கை காட்டும் உழவன் உண்டோ?

மன்னாரிலும் இத்தகைய நிலையம் வேண்டுமென்பாருக்கு நாம் கூறுவது இது: முதலில் மணலைக் காப்பாற்றுங்கள்! கடலாமைகளைக் கொல்லலாகாதென 1972 முதல் சட்டம் உண்டு. ஆனால் இல்மனைற்றுக்காக மன்னார்த் தீவின் மணலிலே கம்பெனிகள் கண்வைத்துள்ளன. அம்மணல் அள்ளப்படின் தாயாமை எங்கே முட்டையிடும்? கரையோர மீனவரிடமே காவற் பொறுப்பை அரசு ஒப்படைக்கட்டும். குஞ்சுகள் பொரித்த இரவே கடல் சேரட்டும்.