விடை முடிவாகாத பாடமும் வேண்டும்

“இது தேர்வில் வருமா, சார்?” சாங்கி வட்டாரத்தில் தொடக்கக் கல்லூரி மாணவர்களுக்கு இயற்பியல் துணைப்பாடம் எடுக்கும் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. தேர்வில் வராத, விஞ்ஞானிகளே இன்னும் ஒத்துப்போகாத பாடம் ஒன்றையாவது அவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை படிக்க வேண்டும் என்பேன்.

ருத்தீனியம் குளோரைடு என்னும் கரும்படிகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ருத்தீனிய அணுக்கள் தேன்கூட்டின் அறுகோணங்களைப் போல் அமைந்து, ஏடு ஏடாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வோர் அணுவும் ஒரு குட்டிக் காந்தம். சுமார் 7 கெல்வினுக்குக் கீழே, அதாவது பூஜ்யத்துக்குக் கீழ் 266 டிகிரி செல்சியசில், அவை வளைந்து நெளிந்த வரிசைகளில் ஒழுங்காகிவிடும். ஏடுகளின் தளத்திலேயே 7, 8 டெஸ்லா காந்தப்புலம் செலுத்தினால் அந்த ஒழுங்கு கலைகிறது. (மருத்துவமனை எம்ஆர்ஐ கருவியில் பொதுவாக 1.5 அல்லது 3 டெஸ்லாதான்.) பனிக்கட்டி உருக வெப்பம் வேண்டும், இங்கே வெப்பநிலையைத் தொடாமலே நிலை மாறுகிறது.

கலைந்தபின் என்ன இருக்கிறது? அங்குதான் தகராறு. முழுக் குளிரிலும் ஒழுங்குக்கு வராத ‘தற்சுழற்சித் திரவம்’ ஒன்றை அலெக்சி கித்தாயெவ் 2006ல் கணக்கில் காட்டினார். அடுத்த ஆண்டே சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ஜி. பாஸ்கரன், சப்தர்ஷி மண்டல், ஆர். சங்கர் மூவரும் அதில் தற்சுழற்சிகள் எப்படி இயங்கும் என்பதைத் துல்லியமாகக் கணக்கிட்டனர். 2018ல் கியோட்டோ குழு, இந்தப் படிகத்தில் வெப்பம் பக்கவாட்டில் பாயும் அளவைக் கொண்டு அந்தத் திரவத்தின் அடையாளம் கிடைத்ததாக அறிவித்தது. வேறு சில ஆய்வகங்களுக்கு அதே எண் கிடைக்கவில்லை. அணு அதிர்வுகளே அந்த வெப்பத்தைச் சுமக்கின்றன என்போரும் உண்டு. படிகமும் சாதாரணமானதல்ல: ஏடுகள் பிசகி அடுக்கப்பட்டால் 7 கெல்வினில் நேர வேண்டிய மாற்றம் 14 கெல்வினிலேயே தெரியும்.

இதைச் சொன்னதும் ஒரு மாணவி, “அப்படியானால் படிகத்தை வளர்த்தவரின் கைத்திறனும் விடையில் சேருமா?” என்று கேட்டாள். மாதிரி விடைத்தாளை மனப்பாடம் செய்பவருக்கு இந்தக் கேள்வி வராது.

மேல்நிலைத் தேர்வு நெருக்கத்தில் இதற்கு நேரமேது என்று பெற்றோர் கேட்பது நியாயம். நான் கேட்பது ஒரு மணி நேரம்தான், அதுவும் தேர்வு முடிந்த பிறகு. சோமாபா சாலையில் தொழில்நுட்ப வடிவமைப்புப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்குள்ள ஆய்வு மாணவர் ஒருவரை அழைத்து, தம் துறையில் இன்னும் தீராத சண்டை ஒன்றைச் சொல்லச் சொல்லலாம். தமிழில் பேச ஆள் கிடைத்தால் இன்னும் நல்லது.