பனிக்காலத்தில் ஒரு சைக்கிள் கண்காட்சி

ஜனவரி மாதம், காலை எட்டே முக்கால். வெளியே மைனஸ் 18 டிகிரி. எங்கள் துறை வாசலில் சைக்கிள் பூட்டும் கம்பிகளைச் சுற்றி ஐந்தாறு பேர் நிற்கிறார்கள். பத்தடி தள்டினால் கதவு. கதவுக்கு உள்ளே ஹீட்டர், காபி எல்லாம் உண்டு. ஆனாலும் யாரும் நகர்வதாக இல்லை. ஒருவர் குனிந்து அடுத்தவரின் டயரை விரலால் அழுத்திப் பார்க்கிறார். இன்னொருவர் தன் செயினுக்கு என்ன எண்ணெய் விட்டார் என்று விளக்கிக்கொண்டிருக்கிறார். மீசையில் பனி உறைந்து வெள்ளையாகத் தொங்குகிறது. அதைத் துடைக்கக்கூட நேரமில்லை, பேச்சு அவ்வளவு சுவாரஸ்யம்.

மினசோட்டாவில் எனக்கு இது இரண்டாவது குளிர்காலம். முதல் வருடம் பஸ்ஸில் வந்து இறங்கும்போது இவர்களைப் பார்த்து, "இதுகளுக்கு வேற வேலையே இல்லையா?" என்று சிரித்திருக்கிறேன். இந்த வருடம் அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். என் டயரையும் நாலு பேர் அழுத்திப் பார்த்தாகிவிட்டது. ஆகவே இது வெளியே நின்று கல்லெறியும் கட்டுரை இல்லை, உள்ளே இருப்பவனின் வாக்குமூலம் :)

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கோடைக்காலத்துச் சைக்கிள் பெருமையும் குளிர்காலத்துச் சைக்கிள் பெருமையும் ஒன்றல்ல. கோடையில் பேச்சு விலையைப் பற்றியது. ஃப்ரேம் கார்பனா அலுமினியமா, எடை எத்தனை கிலோ, எந்தக் கம்பெனி கியர் என்று போகும். பணம் இருப்பவர் ஜெயித்துவிடுவார். குளிர்காலத்தில் அந்த விலை உயர்ந்த சைக்கிளெல்லாம் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. ரோட்டில் கொட்டும் உப்பு ஒரே சீசனில் செயினையும் போல்ட்டையும் தின்றுவிடும் என்பதால் யாரும் நல்ல சைக்கிளை வெளியே எடுப்பதில்லை. வெளியே வருவதெல்லாம் பழைய இரும்பு ஃப்ரேம், ஓட்டை அடைத்த மட்கார்டு, யாரோ தூக்கிப்போட்ட ஹேண்டில்பார். இங்கே பெருமை என்பது "எவ்வளவு கொடுத்து வாங்கினேன்" என்பதில் இல்லை, "எவ்வளவு கேவலமான வண்டியை ஓட வைத்திருக்கிறேன்" என்பதில்தான். எனக்குத் தெரிந்து ஏழை மாணவன் தலை நிமிர்ந்து கலந்துகொள்ளக்கூடிய ஒரே தற்பெருமைப் போட்டி இதுதான்.

இரண்டாவது, இந்த வெட்டிப்பேச்சில் நிறைய விஷயம் இருக்கிறது. போன டிசம்பரில் ஒரு நாள் நான் பெடலை மிதிக்கிறேன், பெடல் சுற்றுகிறது, சக்கரம் சுற்றவில்லை. செயின் அறுந்துவிட்டதோ என்று பார்த்தால் அதுவும் இல்லை. பின்சக்கர ஃப்ரீவீலுக்குள் பல்லைப் பிடிக்கிற சின்ன நாக்குகள் இருக்கின்றன அல்லவா, குளிரில் உள்ளே இருந்த கிரீஸ் கெட்டியாகி அந்த நாக்குகள் ஒட்டிக்கொண்டுவிட்டன. கெட்டி கிரீஸைக் கழுவிவிட்டு மெல்லிய எண்ணெய் விடச் சொல்லிக் கொடுத்தது இந்தக் கூட்டம்தான். சைக்கிளை அன்போடு வீட்டுக்குள் வைக்காதே என்றதும் அவர்கள்தான். உள்ளே வைத்தால் ஒட்டியிருக்கும் பனி உருகித் தண்ணீராகி பிரேக் கேபிளுக்குள் இறங்கும். மறுநாள் வெளியே வந்ததும் உறையும். பிறகு பிரேக் பிடிக்காது, அல்லது பிடித்தால் விடாது. குளிரிலேயே விட்டால் இந்தத் தொல்லை குறைவு.

ஆணி டயர் விஷயமும் அப்படித்தான். டயரில் வரிசையாகச் சின்ன உலோகக் குமிழ்கள் பதித்திருப்பார்கள். வெறும் இரும்பாக இருந்தால் தார் ரோட்டில் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பதால் நல்ல டயர்களில் டங்ஸ்டன் கார்பைட் முனை இருக்கும். கண்ணாடி மாதிரி உறைந்த ஐஸில் அது கடித்துக்கொண்டு போகும். ஆனால் தளர்ந்த பனியில் ஆணியால் பெரிய பிரயோஜனமில்லை, அங்கே அகலமும் காற்றைக் குறைப்பதும்தான் கைகொடுக்கும். இந்த வித்தியாசத்தைக் கடைக்காரர் எனக்குச் சொல்லவில்லை. வாசலில் நின்ற ஒருவர் சொன்னார்.

இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்கிறேன். இன்றைக்கு எல்லோரும் வேடிக்கை பார்க்கும் அந்த ராட்சத டயர் சைக்கிளுக்கு, அதாவது ஃபேட் பைக்குக்கு, ஒரு பக்கத்துப் பூர்வீகம் இந்த மாதிரிக் கூட்டம்தான். அலாஸ்காவில் 1987-ல் இடிடாபைக் என்ற பனிப்பந்தயம் தொடங்கியது. சாதாரண டயர் பனியில் புதைந்ததால், ஆட்கள் இரண்டு ரிம்மைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெல்டிங் செய்தார்கள். ஒருவர் செய்ததை இன்னொருவர் பார்த்தார், தானும் மாற்றிச் செய்தார். 2005-ல் இதே மினசோட்டாவைச் சேர்ந்த சர்லி கம்பெனி பக்ஸ்லி என்ற சைக்கிளைக் கொண்டுவந்த பிறகு அது கடையில் கிடைக்கும் பொருளானது. "என் வண்டியைப் பார்" என்று காட்டியவர்களும், பார்த்துவிட்டுச் சும்மா போகாதவர்களும் இல்லையென்றால் அது நடந்திருக்காது.

இவ்வளவு நல்லது சொல்லிவிட்டு எதற்கு இந்தக் கட்டுரை? வருகிறேன்.

பிப்ரவரியில் ஒரு நாள் நான் விழுந்தேன். முந்தின நாள் நல்ல பனி. ரோட்டில் கார் போகும் பகுதியை இரவோடு இரவாகச் சுத்தமாக வழித்துவிட்டிருந்தார்கள். வழித்த பனி எங்கே போகும்? ஓரத்துக்கு. ஓரத்தில் என்ன இருக்கிறது? சைக்கிள் பாதை. காலைக்குள் அது முழங்கால் உயரக் கரடுமுரடான ஐஸ் வரப்பாக இறுகிவிட்டது. கார் பாதைக்கும் வரப்புக்கும் நடுவே கிடைத்த இடுக்கில் போனபோது முன்சக்கரம் வரப்பில் உரசி என்னை ரோட்டின் பக்கம் தள்ளியது. பின்னால் வந்த கார் நின்றுவிட்டது. நிற்காமல் போயிருந்தால் இதை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

மறுநாள் கையில் கட்டோடு வாசலுக்குப் போனேன். எல்லோரும் அக்கறையாகத்தான் விசாரித்தார்கள். ஆனால் முதலில் வந்த கேள்வி, "என்ன டயர் போட்டிருந்தாய்?" அடுத்தது, "காற்று எவ்வளவு வைத்திருந்தாய்?" இருபது நிமிடம் டயரைப் பற்றியே பேசினோம். "எந்த ரோடு?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கட்டுப் போட்டிருந்த நானே கேட்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நம் பெருமை முழுக்க, மோசமான பாதையைச் சமாளிக்கும் பெருமை. பாதை மோசமாக இருக்க இருக்க நம் வண்டிக்கு மதிப்பு கூடுகிறது. அதனால் பாதையைப் பற்றிக் கோபப்பட நமக்கு மறந்தே போய்விட்டது.

ஃபின்லாந்தில் ஔலு என்று ஒரு ஊர். ஆர்க்டிக் வட்டத்துக்குக் கொஞ்சம் தெற்கே, 65 டிகிரி வடக்கில் இருக்கிறது. சுமார் இரண்டு லட்சம் ஜனம். 900 கிலோமீட்டருக்கு மேல் நடைபாதையோடு சேர்ந்த சைக்கிள் பாதை. முக்கியப் பாதைகளில் ஜனங்கள் வேலைக்குக் கிளம்பும் முன்பே பனியை வழித்து, அடியில் இருப்பதை இறுக்கிச் சமமாக்கிவிடுகிறார்கள். அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பாட்டிகளும் மைனஸ் 15-லும் சைக்கிளில் போகிறார்கள். அவர்கள் ஓட்டுவது என்ன வண்டி தெரியுமா? சாதாரண வண்டி. முன்னால் கூடை, பின்னால் கேரியர், நம் ஊரில் மார்க்கெட்டுக்குப் போகிற அதே ரகம். உலகக் குளிர்கால சைக்கிள் மாநாடு முதன்முதலாக 2013-ல் நடந்ததும் அந்த ஊரில்தான். வந்தவர்களுக்கு அவர்கள் பெருமையாகக் காட்ட வேண்டியது வண்டியை அல்ல, பாதையை.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் விடுதிச் சமையலறையில் பாத்திரம் கழுவும் வயதானவர் ஒருவர். அவர் வேலை முடியும் நேரத்தில் கடைசி பஸ் போயிருக்கும். அதனால் குளிர்காலம் முழுக்க சைக்கிள்தான். துருப்பிடித்த செயின், சீட்டின் மேல் பிளாஸ்டிக் பை, மொட்டை டயர். அவர் வண்டியை எங்கள் கண்காட்சியில் யாரும் குனிந்து பார்த்ததில்லை. அவருக்கும் நின்று பேச நேரமில்லை. என்னிடம் இருக்கும் ஆணி டயர் அவருக்கு ஒரு வாரச் செலவுப் பணம். எங்களில் மிகத் தைரியமாகக் குளிர்காலத்தில் ஓட்டுகிறவர் அவர்தான், ஆனால் அவர் அதைத் தைரியம் என்று நினைப்பதில்லை. ஆணி டயர் என்னை மட்டும் காப்பாற்றும். வழித்துவிட்ட பாதை அவரையும் காப்பாற்றும்.

"பேசினால் மட்டும் பாதை சுத்தமாகிவிடுமா?" என்று கேட்பீர்கள். ஆகாதுதான். ஆனால் பனி வழிக்கவில்லை என்று நகர அலுவலகத்துக்குப் போன் செய்ய இரண்டு நிமிடம் ஆகிறது. டயரைப் பற்றி இருபது நிமிடம் பேசத் தெரிந்த ஆறு பேர், ஆளுக்கு இரண்டு நிமிடம் போன் பேசினால் ஒரே ரோட்டைப் பற்றி ஆறு புகார். குளிர்காலத்தில் சைக்கிள் ஓட்டுபவர் யாருமே இல்லை என்று இனிமேல் அவர்களால் சொல்ல முடியாது.

நான் கண்காட்சியை மூடச் சொல்லவில்லை. மூடினால் எனக்கே அழுகை வரும். டயரை அழுத்திப் பாருங்கள், எண்ணெயைப் பற்றிச் சண்டை போடுங்கள். கடைசியில் ஒரே ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: "இன்றைக்கு எந்த ரோடு வழிக்கவில்லை?"

போன வாரம் வாசலில் நான் அதைக் கேட்டேன். இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் கையுறையைக் கழற்றிவிட்டு போனை எடுத்தார். மைனஸ் 18-ல் கையுறையைக் கழற்றுவது சின்ன விஷயமில்லை என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.