தேய்ப்பதற்கு முன் ஒரு வெள்ளைத் துணி

குற்றாலத்தில் சாரல் சீசன் என்றால் ஊருக்கெல்லாம் குளியல். எங்கள் அப்பாவின் புல்லட்டுக்கு மட்டும் தண்டனை. ஐந்தருவி பக்கம் அப்பா கடை போட்டிருக்கும் மூன்று மாதமும் வண்டி மரத்தடியில் ஈரத்திலேயே நிற்கும். சீசன் முடிந்து தென்காசி வீட்டில் வைத்துத் துடைத்துப் பார்த்தால், இன்ஜின் கவர் முழுக்கத் திட்டுத் திட்டாகச் சாம்பல் பூத்திருக்கும்.

போன வருஷம் 'நான் பளபளனு ஆக்கித் தர்றேன்ப்பா' என்று களத்தில் இறங்கினேன். சோப்பு போட்டும் போகவில்லை. சமையலறை சிங்க் அடைப்புக்கு வாங்கி வைத்திருந்த பவுடரைத் தண்ணீரில் கரைத்துப் பூசினேன். குபுகுபுவென நுரைத்தது. அழுக்கு கழல்கிறது என்று சந்தோஷப்பட்டேன். கழுவிப் பார்த்தால் கவர் கன்னங்கரேல்! "ஏட்டி, என்னத்தப் போட்ட?" என்றார் அப்பா. அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. இருபது வருஷமாக அவர் ஓட்டுகிற வண்டி. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

மறுநாள் மெக்கானிக் அண்ணாச்சியிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். தொட்டுப் பார்த்ததுமே சிரித்துவிட்டார். "எம்மா, நுரைச்சது அழுக்கு இல்ல. அலுமினியமே கரைஞ்சிருக்கு."

அவர் சொன்னது சரிதான். அந்த மாதிரிப் பவுடர்களில் இருப்பது காஸ்டிக் சோடா. அது அலுமினியத்தைக் கரைத்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். இன்ஜின் கவர் சுத்த அலுமினியம் இல்லை. சிலிக்கான், தாமிரம் எல்லாம் கலந்த உலோகம். அலுமினியம் கரைந்ததும் கரையாத மிச்சம் கறுப்பாக மேலே படிந்துவிடும். கண்ணில் தெறித்திருந்தால் என் கதையே வேறு.

அலுமினியம் துருப்பிடிக்காது என்பார்கள். அதுவும் காற்றுபட்ட நொடியில் ஆக்சைடு ஆகிறது. ஆனால், இரும்புத் துரு உதிர்ந்துகொண்டே போகும். அலுமினிய ஆக்சைடோ கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தோலாக ஒட்டிக்கொண்டு உள்ளே இருப்பதைக் காக்கும். சேறும் இலையும் ஒட்டி நாள்கணக்கில் ஈரம் நின்றால்தான் அந்தத் தோல் பழுதாகி வெள்ளைப் பொடியாகப் பூக்கிறது. குக்கருக்குள் கறுத்தால் அம்மா எலுமிச்சைத் தோலைப் போட்டுக் கொதிக்கவைப்பார் இல்லையா? லேசான கறைக்கு வண்டியிலும் அந்தப் புளிப்பு வேலை செய்யும். சில நிமிடங்கள் வைத்துவிட்டு நன்றாகக் கழுவிவிட வேண்டும். என் கேஸ் அதைத் தாண்டிவிட்டது.

அண்ணாச்சி வாட்டர் பேப்பரை எடுத்தார். முதலில் 400, பிறகு 800, 1200, கடைசியாக 2000. எண் ஏற ஏற பேப்பர் மென்மை. சோப்புத் தண்ணீரில் நனைத்து, ஒரு பேப்பரால் நெடுக்காகத் தேய்த்தால் அடுத்ததால் குறுக்காக. முந்தைய கீறல் முழுசாக மறைந்த பிறகுதான் அடுத்த எண். இங்கே அவசரப்பட்டால் கடைசிப் பளபளப்பில் அத்தனை கீறலும் தெரியும். கம்பி நாரைத் தொடவே விடவில்லை. அதன் இரும்புத் துணுக்கு ஒட்டிக்கொண்டு பிறகு துருவேறுமாம். கடைசியில் மெட்டல் பாலிஷும் பனியன் துணியும். மிஷினில் பஃபிங் செய்தால் வேலை சீக்கிரம் முடியும்தான். ஆனால், அலுமினியத் தூள் நெருப்புப் பிடிக்கக்கூடியது. இரும்பு தேய்த்துப் பொறி பறக்கும் அதே சக்கரத்தில் இதைத் தேய்க்கக் கூடாது. மாஸ்க்கும் அவசியம்.

கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அலாய் வீல் மங்கியிருக்கிறது என்று வாட்டர் பேப்பரோடு உட்கார்ந்துவிடாதீர்கள். பெரும்பாலான வீல்களில் அலுமினியத்தின் மேல் பெயின்ட்டோ கண்ணாடி மாதிரி லேக்கர் பூச்சோ இருக்கும். வீல் ஆறிய பிறகு, ஓரத்தில் துளி மெட்டல் பாலிஷ் வைத்து வெள்ளைத் துணியால் தேயுங்கள். துணி கறுத்தால் அது வெறும் அலுமினியம். மேலே சொன்னபடி தேய்க்கலாம். துணி வெள்ளையாகவே இருந்தால் பூச்சு இருக்கிறது. ஷாம்பூவும் வாக்ஸும் போதும். பூச்சுக்கு அடியில் வெள்ளை வெள்ளையாகக் கொப்பளித்திருந்தால், அதை நீக்கி மறுபடி பூசுவது கடைக்காரர் வேலை. லேத்தில் கடைந்த டைமண்ட் கட் வீல் என்றால், மறுபடி கடையும் ஒவ்வொரு முறையும் உலோகம் குறையும். விரிசல் விட்ட வீலுக்கு பாலிஷே வேண்டாம், மாற்றிவிடுங்கள். பிரேக் டிஸ்க் பக்கம் பாலிஷும் வாக்ஸும் போகவே கூடாது.

கழுவுவதை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அருவிக்கரையிலோ சிற்றாற்றிலோ வேண்டாம். குளிக்கிறவர்களே அருவியில் சோப்பு, ஷாம்பூ போடக் கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை போட்ட ஊர் இது.

கவர் பழையபடி மின்ன ஒரு முழு மத்தியானம் ஆனது. பாதிக்குமேல் தேய்த்தது நான்தான். அண்ணாச்சி டீ குடித்தபடி கீறலைக் காட்டிக்கொண்டே இருந்தார். பூச்சு இல்லாத அலுமினியம் சும்மா விட்டால் சில வாரங்களிலேயே மங்க ஆரம்பிக்கும் என்பதால் வாக்ஸும் பூசினோம். இந்த வருஷம் மே கடைசியிலேயே, அப்பா கடைக்குக் கிளம்பும் முன், மறுபடி பூசிவிட்டேன். சிங்க் பவுடர் டப்பாவை அம்மா எங்கே வைத்திருக்கிறார் என்று இன்றுவரை எனக்குச் சொல்லவில்லை.