எங்கள் செலவு எந்தக் கணக்கில்?

உதவித்தொகை விதிகளை எழுதும் அதிகாரிகளுக்கு,

அரசு கலைக் கல்லூரி ஒன்றில் பி.ஏ. வரலாறு மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பிறவியிலேயே பார்வை இல்லை. 'இவ்வளவு செய்கிறோமே, இன்னும் என்ன குறை?' என்று உங்களில் சிலர் சலித்துக்கொள்வது என் காதிலும் விழுகிறது. செய்ததை நான் மறுக்கவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அரசு, அரசு உதவிபெறும் கல்லூரிகளில் எங்களுக்கு 5 சதவீத இடம் ஒதுக்கச் சொல்கிறது. கல்லூரிக்குள் வந்துவிட்டோம். உள்ளே வந்தபின் படிப்பதற்கு என்ன செலவாகிறது என்று யாரும் உட்கார்ந்து கணக்குப் பார்த்ததாகத் தெரியவில்லை. என் புகார் அதைப் பற்றித்தான்.

பாடக்குறிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். பேராசிரியர் வாட்ஸ்அப் குழுவில் பிடிஎஃப் போடுவார். மற்றவர்கள் அதைத் திறந்து படிக்க ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கு வரும் குறிப்புகளில் பாதி, செல்போனில் எடுத்த படங்கள். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் மென்பொருள் அவற்றில் வாயே திறக்காது. மீதி, யூனிகோடு அல்லாத, பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. கண்ணால் பார்ப்பவருக்கு அது நல்ல தமிழ். என் மென்பொருளுக்கு வெறும் ஆங்கில எழுத்துகள். 'சோழர்' என்று இருக்கிற இடத்தில் 'என், ஆர், எச், ஓ, எச்' என்று ஒப்பிக்கும். ராஜராஜனின் நிலவரி முறையை இப்படி நாலு பக்கம் கேட்டுப் பாருங்கள். நான் பயன்படுத்தும் திரைவாசிப்பான் என்விடிஏ, பார்வையற்றவர்களே உருவாக்கிய இலவச மென்பொருள், அருமையானது. ஆனாலும் இந்த எழுத்துருவை அதனால் தமிழாக வாசிக்க முடியாது.

ஆகவே, ஒன்று டிடிபி கடையில் பக்கத்துக்கு இவ்வளவு என்று கொடுத்து மறுபடி அடித்து வாங்க வேண்டும், இல்லையென்றால் யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். பக்கத்துத் தெருவில் பிளஸ் டூ முடித்த பெண் ஒருத்தி மாலையில் வந்து வாசிக்கிறாள். அவளுக்கு மாதம் பிறந்தால் பணம் தர வேண்டும். வாசிப்பாளர் உதவித்தொகை என்று நீங்கள் தருவதோ ஆண்டுக்கு ஒருமுறை. போன ஆண்டு அது என் கணக்கில் ஏறியபோது அந்த ஆண்டின் கடைசி செமஸ்டர் தேர்வே முடிந்திருந்தது. இனி யார் வாசிக்க, எதை வாசிக்க? தேர்வில் நான் சொல்லச் சொல்ல எழுத ஸ்கிரைப்பாக வருபவரின் ஆட்டோ கட்டணமும் மதியச் சாப்பாடும் எங்கள் வீட்டுச் செலவுதான். மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் தருகிறீர்கள், நன்றி. எங்களுக்கு நேரம் கூடுதலாகப் பிடிக்கும் என்று ஒப்புக்கொண்ட நீங்கள், பணமும் கூடுதலாகப் பிடிக்கும் என்பதை ஏன் ஒப்புக்கொள்வதில்லை?

மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாமே என்பீர்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது. அப்பா வேன் ஓட்டுகிறார், மாதச் சம்பளம் 22,000. ஆண்டுக்கு 2,64,000. பதினாலாயிரம் ரூபாயில் நாங்கள் வசதியானவர்கள் ஆகிவிட்டோம்! இதே அரசின் வருமான வரிச் சட்டத்தில் ஒரு கழிவு உண்டு. மாற்றுத்திறனாளியைப் பராமரிப்பவரின் வருமானத்தில் 75,000 ரூபாயையும், கடுமையான குறைபாடு என்றால் 1,25,000 ரூபாயையும் கழித்துக்கொள்ளச் சொல்கிறது அது. வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் செலவு இருக்கும் என்று வரி வாங்குகிறவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. உதவி கொடுக்கிறவர்களுக்குத் தெரியவில்லை. அதே கழிவை இங்கேயும் தந்தால் அப்பாவின் வருமானம் 1,39,000. வரி கட்டுகிற அளவுக்கு அவர் சம்பாதிக்காததால் அந்த வரிக்கழிவாலும் எங்களுக்குப் பைசா பிரயோசனமில்லை என்பது வேறு கதை.

அடுத்தது மாநில அரசுக்கு. அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் எனக்கு மாதம் 1,000 ரூபாய் வருகிறது. என் வகுப்புத் தோழிகளுக்கும் அதே 1,000. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் அதேதான். மகிழ்ச்சி. ஆனால் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 24ஆம் பிரிவைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன். சமூகப் பாதுகாப்புத் திட்டங்களில் மற்றவர்களுக்குத் தருவதைவிட மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும் என்கிறது. படிப்புக்கான மாதத் தொகை இதில் சேராது என்று வாதாட உங்களிடம் வழக்கறிஞர்கள் இருப்பார்கள். சேரும் என்பது என் வாசிப்பு. அப்படியென்றால் 1,250 வர வேண்டும். அந்த 250 ரூபாயில் வாசிக்க வரும் பெண்ணுக்கு முழுச் சம்பளம் தந்துவிட முடியாதுதான். ஆனால் அது மாதாமாதம் வரும், ஆண்டு முடிந்தபின் வராது.

ஒவ்வோர் ஆண்டும் புதிதாக மருத்துவச் சான்று கேட்கும் அலுவலகத்தைப் பற்றியும் எழுத நினைத்தேன். கையில் யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருக்கிறது. இடையில் எனக்குப் பார்வை வந்திருந்தால் நானே இனிப்போடு வந்து சொல்லியிருப்பேன். அதை இன்னொரு மடலுக்கு வைத்துக்கொள்கிறேன்.

இப்போதைக்கு நான் கேட்பது இவைதான். வருமான வரம்பைப் பார்க்கும்போது வருமான வரிச் சட்டம் தரும் அந்தக் கழிவுத் தொகையைக் கழித்துவிட்டுப் பாருங்கள். வாசிப்பாளர் தொகையை ஜூன் மாதத்திலிருந்து மாதாமாதம் அனுப்புங்கள். புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் இரண்டிலும் எங்களுக்கு 25 சதவீதம் கூடுதல் உண்டா இல்லையா என்பதை எழுத்தில் சொல்லுங்கள். இல்லையென்றால் காரணத்தையும் சேர்த்து. பதிலைக் கையெழுத்துப் போட்டு ஸ்கேன் செய்த படமாக மட்டும் அனுப்பிவிடாதீர்கள். யூனிகோடில் அடித்து அனுப்பினால் நானே வாசித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
மூன்றாம் ஆண்டு வரலாற்று மாணவி ஒருத்தி